பின்னங்கால் தெரியாத படத்தை வைத்துப் பெயர் சொல்ல ஏலாது

சாணியில வாற பூச்சிகளைப் பற்றின உங்கட கட்டுரை நல்லது. ஆனால் முல்லைத்தீவுப் பக்கம் எருமைப் பட்டியில எடுத்த அந்த இரண்டாவது படத்துக்குக் கீழே "சிறு சாணி இலையான், ஸ்ஃபெரோசெரிடே குடும்பம்" எண்டு போட்டிருக்கிறதை ஏற்க முடியேல்ல. படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ: உருண்டைத் தலை, எறும்பு மாதிரி ஒடுங்கின இடுப்பு, இறக்கை நுனியில ஒரு கறுப்புப் பொட்டு. இது செப்சிடே எண்ட வேற இலையான் குடும்பம். நடக்கேக்க இறக்கையை ஆட்டிக்கொண்டே நடக்கும், ஒரு சின்ன வீடியோ எடுத்திருந்தால் சந்தேகமே வந்திராது.

ஸ்ஃபெரோசெரிடே எண்டால் முதல்ல பார்க்கவேண்டியது பின்னங்கால் பாதத்தை. அதின்ர முதல் கணு கட்டையாய், வீங்கினமாதிரித் தடிச்சிருக்கும். அடுத்த கணுதான் பொதுவா அதைவிட நீளம். மேலேயிருந்து எடுத்த படத்தில அது உடம்புக்குக் கீழ மறைஞ்சுபோம். சாணியின்ர மட்டத்துக்குக் கமராவைப் பதிச்சு, பக்கவாட்டில எடுக்கவேணும். மணம் பார்த்தால் வேலை நடக்காது! இறக்கை நரம்பு தெரிய மேலேயிருந்தும் ஒண்டு எடுங்கோ. பெரும்பாலும் ஒண்டிலயிருந்து அஞ்சு மில்லிமீற்றருக்குள்ள நிக்கிற பூச்சி, பக்கத்தில ஒரு நெல்மணியாவது அளவுக்குக் கிடக்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் அனேகமாய்க் குடும்பத்தோட நிப்பாட்டவேண்டியதுதான். இனம் பிரிக்க ஆண் பூச்சியின்ர வயிற்று நுனி உறுப்புகளை நுணுக்குக்காட்டியில பார்க்கவேணும். போன் செயலி காட்டுற இனப்பெயரை அப்படியே போடாதேங்கோ.

சாணி வண்டின்ர முதுகில தொத்திக்கொண்டு போற வகையும் ஸ்ஃபெரோசெரிடே குடும்பத்தில இருக்கு. வண்டைப் படமெடுக்கேக்க அதையும் ஒருக்காப் பாருங்கோ.