மழை அளவு மட்டும் போதுமா?

வறண்ட நிலங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் கேட்பது "மழை எவ்வளவு குறைந்தது?" என்றுதான். வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை விட்டுவிடும் கணக்கு இது.

வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் காற்றால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். கடல்மேல் என்றால் அதற்குக் குறைவில்லாமல் தண்ணீர் கிடைக்கும். உள்நாட்டு வறண்ட பூமியில் மண்ணிலும் இலையிலும் குளத்திலும் இருப்பதைத்தான் அது உறிஞ்சும். பழைய அளவு மழை பெய்தும் பயிர் காய்வது இதனால்தான். சோமாலியா, எத்தியோப்பியா, கென்யாவில் 2020 முதல் 2022 வரை அடுத்தடுத்து 5 பருவமழைகள் பொய்த்தன. ஆடுமாடுகள் லட்சக்கணக்கில் செத்தன. புவி இவ்வளவு சூடாகாமல் இருந்திருந்தால், அதே மழைக்குறைவு இத்தனை கொடிய வறட்சியாகியிருக்காது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2020-ஐ ஒட்டிய 30 ஆண்டுகளில், அதற்கு முந்தைய 30 ஆண்டுகளைவிட, உலகின் தரைப்பரப்பில் 77.6 சதவீதப் பகுதி கூடுதலாக வறண்டது என்று ஐ.நா. அறிக்கையே 2024-இல் சொன்னது.

சரி, கொட்டித் தீர்த்தால் நல்லதுதானே? அடைமழை ஓய்ந்ததும் காய்ந்து இறுகிய நிலத்தை இரண்டு விரற்கடை தோண்டிப் பாருங்கள், கீழே புழுதிதான் இருக்கும். தண்ணீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடியிருக்கும். 2018-இல் இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் ஏரிகளையே உண்டாக்கின. அந்த ஈரத்தில் ஆள் கண்ணில் படாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருகிய வெட்டுக்கிளிகள், அடுத்த இரண்டு ஆண்டுகளில் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் இந்தியா வரை வயல்களை மொட்டையடித்தன. பாலைவனத்தில் மழை என்றதும் கைதட்டுபவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் தீர்வு என்று மரம் நடுவிழா ஒன்றை நடத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நட்ட கன்றும் தண்ணீர் குடிக்கும், அதை யார் ஊற்றுவது? புர்கினா ஃபாசோ விவசாயி யாகூபா சவடோகோ வேறு வழியில் போனார். கோடையிலேயே சின்னச் சின்னக் குழிகள் வெட்டி எருவைப் போட்டு வைப்பது அவர் ஊர்ப் பழைய முறை, அதை மெருகேற்றினார். எருவுக்கு வரும் கறையான் மண்ணைத் துளைத்து வைக்கும், முதல் மழை ஓடாமல் அந்தத் துளைகளில் இறங்கும். கம்பும் சோளமும் விளைந்தன. எருவோடு வந்த விதைகளிலிருந்து மரங்களும் தாமாக முளைத்தன. ஆரம்பத்தில் அவரைப் பைத்தியக்காரன் என்றார்கள்.

ஒவ்வொரு திட்டத்திலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பெய்ததில் எவ்வளவு மண்ணுக்குள் நின்றது? எத்தனை கன்று நட்டீர்கள் என்பதை அப்புறம் சொல்லுங்கள்.