வேலையை வெளியே கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது

2020 ஏப்ரலில் கேரள அரசு கொரோனா விவரங்களை ஸ்பிரிங்ளர் என்ற அமெரிக்க கம்பெனியிடம் ஒப்படைத்தது. ஆள் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது ஒப்பந்தம் போட்ட பிறகுதான். மக்களின் விவரத்தைக் கையாளும் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கும்போது, இன்றும் முதலில் டெண்டர், பாதுகாப்பெல்லாம் அப்புறம் என்றே பல அரசுத் துறைகள் நடக்கின்றன.

விவரம் கசிந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும், லாக் (சர்வரில் யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவு) 180 நாள் இருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. ஆனால் சப்-கான்ட்ராக்டர் மெயின் கான்ட்ராக்டருக்குச் சொல்லி, அவர் வக்கீலைக் கேட்டு, பிறகு துறைக்குச் சொல்வதற்குள் நாள் கணக்காகிவிடும். ஒப்பந்தத்தில் 'உடனடியாக' என்று எழுதினால் போதாது. 2 மணி நேரம் என்று எண் போடுங்கள். லாக் கம்பெனி சர்வரில் மட்டும் இருந்தால், ஒப்பந்தம் முடிந்ததும் அதுவும் போய்விடும். துறையின் சர்வருக்கு அன்றன்றே ஒரு நகல் வர வேண்டும்.

பெரும்பாலும் ஓட்டை விழுவது சாதாரண இடங்களில்தான். டெஸ்ட் சர்வரில் மக்களின் நிஜ விவரத்தையே ஏற்றி வைப்பது. வேலையை விட்டுப் போனவரின் லாகின் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பது. தளம் தொடங்கும்போது ஒருமுறை பாதுகாப்பு ஆடிட் சான்றிதழ் வாங்கிவிட்டு, அதன்பின் எத்தனை முறை மென்பொருள் மாறினாலும் மறு ஆடிட் செய்யாமல் விடுவது. அந்த ஆடிட்டருக்குப் பணம் கொடுப்பதும் கம்பெனியே என்றால் அவர் யாருக்குப் பதில் சொல்வார்? அந்தச் செலவைத் துறை ஏற்க வேண்டும்.

கேரளத்தில் தமிழர் வாழும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் போவது அரசின் இணையச் சேவை தரும் அக்ஷயா மையத்துக்கு. அதை நடத்துவதும் தனியார்தான். ஆதார் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் வாங்கி, பிரின்ட் எடுத்து, டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே விட்டால் அதுவும் கசிவுக்கு வழிதான். கடைசி 4 எண் மட்டும் தெரியும் ஆதார் போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள்.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வெளியாள் தப்பு செய்தாலும் பொறுப்பு வேலை கொடுத்தவருக்கே. இது நல்ல விஷயம். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி வரை. ஆனால் அந்தப் பணம் போவது இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது மத்திய அரசின் கஜானாவுக்கு. கம்பெனியின் கவனக்குறைவுக்கு இழப்பீடு கேட்க ஐடி சட்டம் வழி தந்த 43ஏ பிரிவையும் இதே சட்டம் நீக்குகிறது. விவரம் பறிபோன குடும்பத்துக்கு இந்தச் சட்டத்தில் ஒரு ரூபாய் கிடையாது. இது அநியாயம். இழப்பீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதி, கம்பெனி கட்டும் வைப்புத்தொகையிலிருந்து பிடிக்க வேண்டும்.

கசிவு நடந்தால் வரும் எஸ்எம்எஸ், தமிழர் வாழும் சித்தூர், தேவிகுளம் போன்ற இடங்களில் தமிழிலும் வர வேண்டும்.

ஆர்டிஐ மனுவில் மூன்றே கேள்வி கேளுங்கள்: கடைசி ஆடிட் என்றைக்கு? அதற்குப் பணம் கொடுத்தது யார்? லாக் யார் கையில் இருக்கிறது?