நந்தம்பாக்கத்துக்கு ஃப்ளைட்ல வந்தாதான் விருந்தாளியா?

ரெண்டு நாளா வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். நம்ம மாநாட்டு குரூப்ல, வெளியூர்ல இருந்து பஸ்லயும் ரயில்லயும் வர்றவங்களுக்கு வழி சொல்லி நான் போட்ட மெசேஜை நேத்து ராத்திரி அட்மின் சார் டெலீட் பண்ணினதுக்கப்புறம் தூக்கம் வரல, அதான் இங்க வந்துட்டேன். என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், நீங்களும் அந்த குரூப்லதான இருந்தீங்க. ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல "விடுங்க மேடம்"னு சொன்னீங்க. நன்றி. விட முடியல.

மாநாட்டுக்கு வர்றவங்களுக்கு ஆர்கனைசருங்க அனுப்பின அந்த சர்குலரை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க. பயணம், தங்குமிடம்னு ஒரு முழுப் பக்கம். ஏர்போர்ட்ல இருந்து இருபது நிமிஷமாம். மூணு ஹோட்டல் பேரு, மூணும் ஸ்டார், சலுகை விலையே ஆறாயிரத்து ஐநூறு, வரி தனி. ரயில்ல வர்றவங்களுக்கு ஒத்தை வரி: அருகிலுள்ள ரயில் நிலையம் சென்னை சென்ட்ரல். பஸ்னு ஒரு எழுத்து கிடையாது.

மாநாடு நடக்கற நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டருக்கு சென்ட்ரல் பக்கமா? சாமி, நெல்லை, மதுரை, திருச்சின்னு தெக்க இருந்து வர்ற வண்டி பெரும்பாலும் சென்ட்ரலுக்கே போகாது, எழும்பூர். அதுக்கும் முன்னாடியே தாம்பரத்துல நிக்கும். தாம்பரத்துல இறங்கி, லோக்கல் ட்ரெயின்ல பரங்கிமலை வந்தா அங்கிருந்து ஆட்டோவுக்கு மூணு கிலோமீட்டர் சொச்சம். சர்குலரை நம்புறவன் தாம்பரத்தைத் தாண்டி, பரங்கிமலையைத் தாண்டி, எழும்பூர் போய், அங்கிருந்து சென்ட்ரலைத் தேடிப் போய், திரும்ப வந்த வழியே வரணும். கோயம்புத்தூர், சேலம் ஆளுங்க சென்ட்ரலுக்குத்தான் வருவாங்க, ஒத்துக்கறேன். அவங்களுக்காவது கீழயே மெட்ரோ இருக்கு, ஆலந்தூர்ல இறங்குங்கன்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ல?

கோவில்பட்டி பக்கத்துல இருந்து ஒரு தம்பி, கௌரவ விரிவுரையாளர், குரூப்ல கேட்டான், "பஸ்ல வந்தா எங்க இறங்கணும்?"னு. ரெண்டு நாள் ஒருத்தரும் பதில் சொல்லல. நடுவுல மலர்க்கொத்து எமோஜி, குட்மார்னிங் எல்லாம் போயிட்டே இருந்துச்சு. அவன் இன்னும் கோயம்பேடுன்னே நினைச்சு அங்க லாட்ஜ் போட்டு வச்சிருக்கான். 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் தொறந்ததுக்கப்புறம் தெக்கத்தி பஸ்ஸெல்லாம் அங்கயே நின்னுடுது, அது வண்டலூர் தாண்டி இருக்கு, விடியக்காலம் மூணரைக்கு அங்க இறங்குனா என்ன பண்றதுன்னு சென்னையில இருக்கற நாமதான சொல்லணும்? கிளாம்பாக்கத்துல டவுன் பஸ் ஏறி தாம்பரம், தாம்பரத்துல நாலு மணிக்கு மேல லோக்கல் ட்ரெயின். எழும்பூர் ஸ்டேஷன்லயே தங்குற ரிட்டயரிங் ரூமை டிக்கெட்ல இருக்கற பிஎன்ஆர் நம்பர் வச்சு முன்கூட்டியே புக் பண்ணலாம். பொண்ணுங்க தனியா வந்தா தாம்பரம் சானடோரியத்துல அரசாங்கத்தோட தோழி விடுதி இருக்கு, நாள் கணக்குல தங்க இடம் இருக்கான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. இவ்ளோதான் நான் எழுதினது. இதைத்தான் தூக்கினாங்க. தூக்கிட்டு "பட்ஜெட் ஆளுங்க தனியா பேசிக்கோங்க, குரூப்போட தரத்தைக் காப்பாத்துவோம்"னு ஒரு கும்பிடு வேற.

பட்ஜெட் ஆளுங்க. அந்தத் தம்பிக்கு மாசம் 25,000, மே மாசம் அதுவும் இல்ல. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டும்போது மட்டும் அவன் டெலிகேட்!

எனக்கு ஏன் இவ்ளோ பொத்துக்கிட்டு வருதுன்னு கேக்கறவங்களுக்கு. 2009ல ஆராய்ச்சி மாணவியா நானும் இதே ஊருக்கு பேப்பர் வாசிக்க வந்தேன். அப்பவும் ஒரு சர்குலர், அதுலயும் ஹோட்டல் பேரு. என் கையில அறுநூறு ரூபா. பெரியமேட்டுல மூணு லாட்ஜ் ஏறி இறங்கினேன், மூணுலயும் ஒரே கேள்வி, "கூட யாரும்மா?" யாரும் இல்லண்ணே. "தனி லேடீஸுக்கு ரூம் இல்லம்மா." ஒரு அண்ணன் சாவி மாட்டுற பலகையைத் திரும்பிக் கூடப் பாக்கல, பலகை முழுக்க சாவி தொங்குது. கடைசில ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டி எழும்பூர் லேடீஸ் வெயிட்டிங் ரூம்ல உக்காந்தேன். காலையில அந்த பாத்ரூம்ல தரையெல்லாம் தண்ணி, கொசுவத்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டு சேலை கட்டினேன், அப்படியும் ஃபால்ஸ் நனைஞ்சுது. பெருக்குற அக்கா ஒருத்தங்கதான் என் பையைப் பாத்துக்கிட்டாங்க. பத்து மணிக்கு மேடையில நிக்கும்போது கணுக்கால்ல ஈரம் ஒட்டுது, முன்வரிசையில ஒரு பெரியவர் "ஏம்மா டல்லா இருக்க, நல்லா தூங்கலையா"ன்னாரு. சிரிச்சேன். வேற என்ன பண்ண.

இப்ப வருவாங்க, "கூகுள் மேப் இல்லையா"ன்னு. இருக்கு. அப்ப ஏர்போர்ட் இருபது நிமிஷம்னு மட்டும் எதுக்கு அச்சடிச்சீங்க, ஃப்ளைட்ல வர்றவருக்கு மேப் பாக்கத் தெரியாதா?

"ஆர்கனைசர் கஷ்டம் உனக்குத் தெரியுமா"ன்னு ஒரு தோழி. தெரியும்டி, நானும் ரெண்டு மாநாட்டுக்கு சாப்பாட்டு டோக்கன் கிழிச்சவதான். நாலு வரி டைப் பண்ண அஞ்சு நிமிஷம் ஆகுமா?

ஒருத்தர் மட்டும் நியாயமா ஒண்ணு சொன்னாரு: சின்ன லாட்ஜ் பேரை நாங்க போட்டு, அங்க ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்புன்னு. சரிதான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா தாம்பரத்துல இறங்குன்னு சொல்றதுக்கு எந்தப் பொறுப்பும் வேணாமே சார். அதோட, பேரைப் போடலன்னா மட்டும் அவங்க அந்த லாட்ஜ்ல தங்காமலா இருக்கப் போறாங்க?

திரும்பத் திரும்ப இதையேதான் சொல்றேன்னு எனக்கே தெரியுது. அந்தப் பக்கத்தை எழுதும்போது உங்க கண்ணு முன்னாடி யார் வந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. என்னை மாதிரி யாரும் வரல, அந்தத் தம்பி வரல. பதினஞ்சு வருஷம் கழிச்சு நானும் இந்த ஊர்க்காரியாகி, உங்க கூடவே உக்காந்து காபி குடிச்சு, அதுக்கப்புறமும் என் மெசேஜ்தான் தரத்தைக் கெடுக்குது. மேடையில மட்டும் "விளிம்புநிலை"ன்னு ஒரு முழு அமர்வு வச்சிருக்கீங்க, ரெண்டாம் நாள் மத்தியானம், நல்லா நடத்துங்க.

தம்பிகிட்ட கோயம்பேடு லாட்ஜை கேன்சல் பண்ணச் சொல்லிட்டேன். எங்க வீடு குரோம்பேட்டை ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம். ஹால்ல ரெண்டு பேர், உள்ரூம்ல பொண்ணுங்க ரெண்டு பேர் படுக்கலாம், பாய் தலகாணி இருக்கு. வேணும்ங்கறவங்க இன்பாக்ஸ் வாங்க. ஹால் ஃபேன் ராத்திரி பூரா கடகடன்னு சத்தம் போடும், அதுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.