ஏற்றும் பாரம் வேறு, இழுக்கும் பாரம் வேறுங்க

மேலே ஒரு அண்ணன், 1.7 டன் பிக்கப் எடுத்தால் பின்னால் டிரெய்லர் மாட்டி இன்னொரு 1.7 டன் இழுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அந்த எண் முதுகில் ஏற்றும் பாரத்துக்கு மட்டும்தாங்க.

உங்கள் ஆர்சி புத்தகத்தையே எடுத்துப் பாருங்கள். மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கூடிய பாரம். டிரைவர், கூட வருபவர், வண்டி வாங்கிய பிறகு அடித்த இரும்புக் கூண்டு, கொக்கியில் அழுத்தும் டிரெய்லர் எடை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இழுவைக்கு எவ்வளவு என்பதை வண்டியோடு வரும் கையேட்டில் பாருங்கள். அதில் இல்லையென்றால் இழுக்கலாம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

தோட்டத்துக்கு 1,000 லிட்டர் தண்ணீர் கொண்டுபோனால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ. தொட்டி, டிரெய்லர் எடை தனி. சந்தேகம் இருந்தால் பக்கத்து எடைமேடையில் டிரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்திச் சீட்டு வாங்கிவிடுங்கள். எஞ்சின் இழுத்துவிடும், சரி. ஆனால் சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதை இறக்கத்தில் 27 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் பின்னாலிருந்து தள்ளும் அத்தனை எடையையும் பிக்கப்பின் பிரேக்தான் பிடிக்க வேண்டும்.