இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் இரண்டு மணி நேரம்

சென்ற வாரம் ஓர் உறவினர் எனக்குக் காணொளி ஒன்று அனுப்பினார். மேடையில் அமர்ந்திருக்கும் ஒருவர், தினமும் அரை மணி நேரம் கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் யோகப் பயிற்சி) செய்தால் மார்பகப் புற்றுநோய்க் கட்டி கரைந்துவிடும், கீமோ தேவையில்லை என்கிறார். எதிரே இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். என் மீதுள்ள அன்பினால்தான் உறவினர் அனுப்பினார், அவர் மீது கோபமில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் காதில் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எனக்கு இடது மார்பில் கட்டி இருப்பது 2022இல் தெரிந்தது. அறுவை சிகிச்சை, 4 முறை சிவப்பு நிறக் கீமோ மருந்து, பிறகு வாரம் ஒன்றாக 12 முறை பாக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து, அதன் பின் கரண்ட். (எங்கள் பக்கம் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை, ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்றுதான் சொல்வார்கள்.) நான் இன்று உயிரோடு இருப்பது அந்த மருந்துகளாலும் அவற்றைக் கொடுத்த மருத்துவர்களாலும்தான். அந்தச் சிகிச்சையை நடுவில் விட்டு ஓடிவிடாமல் கடைசி வரை என்னை உட்கார வைத்தவற்றில் யோகாவும் ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் பிடிப்பதில்லை. யோகா அன்பர்களுக்கு முதல் பாதி பிடிக்காது, மருத்துவர்கள் பலருக்கு இரண்டாம் பாதி பிடிக்காது. காணொளிக்காரர்களால் நொந்துபோன மருத்துவர்கள் யோகா என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் இழப்பது யார்?

மூன்றாவது கீமோவுக்குப் போன அன்று நடந்ததைச் சொல்கிறேன். பஸ் மருத்துவமனைத் திருப்பத்தில் திரும்பும்போதே எனக்கு வாந்தி வந்துவிட்டது. மருந்து உடம்பில் ஏறக்கூட இல்லை. வார்டின் ஸ்பிரிட் வாசம், ஸ்டாண்டில் தொங்கும் சிவப்பு திரவம், டிரிப்ஸ் ஏற்றும் கையில் பரவும் குளிர்ச்சி, எல்லாவற்றையும் உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருந்தது. கீமோ எடுத்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலரும் இதைச் சொல்வார்கள். ஒண்டான்செட்ரான் போன்ற மாத்திரைகள் மருந்தினால் வரும் குமட்டலை நன்றாகவே அடக்குகின்றன. மருந்துக்கு முன்பே வரும் இந்தக் குமட்டல் அச்சமும் நினைவும் சேர்ந்து உண்டாக்குவது. மாத்திரைக்கு அது அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை.

பக்கத்துத் தெருவில் யோகா கற்றுத்தரும் அம்மா ஒருவர் இருக்கிறார். விஷயத்தைக் கேள்விப்பட்டு அவரே வீட்டுக்கு வந்தார். முதலில் மருத்துவர் எழுதித்தந்த சீட்டுகளையெல்லாம் வாங்கிப் படித்தார். படித்து முடித்துவிட்டு, ஆசனம் எதுவும் இப்போது வேண்டாம் என்று சொன்னார். மூச்சை உள்ளே இழுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுவது, வண்டு போல ரீங்காரமிட்டு மூச்சை விடும் பிராமரி, இவ்வளவுதான் கற்றுத்தந்தார். பிராமரி செய்யும்போது விரலால் காதை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் கையில் ஊசி ஏறியிருக்கும்போது அது முடியாது. அதனால் காதை மூடாமல், பக்கத்துப் படுக்கைக்காரருக்குக்கூடக் கேட்காத அளவில் ரீங்காரம் செய்யப் பழக்கினார். நான்காவது கீமோவுக்கு நான் குமட்டலே இல்லாமல் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். வாந்தி எடுக்காமல் படுக்கை வரை போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பெங்களூருவில் ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் இருந்த 62 பெண்களிடம் இதையே ஆராய்ந்து, 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். யோகா செய்தவர்களுக்குக் கீமோவுக்குப் பிந்தைய குமட்டலும் குறைந்திருந்தது, அதற்கு முன்னரே வரும் குமட்டலின் கடுமையும் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் என் உடம்பில் நடந்ததற்கு அதில் ஒரு பெயர் இருந்தது.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீமோ அன்று கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, இரவு முழுவதும் கண்ணைத் திறந்தபடி கிடக்க வைக்கும். சிகிச்சை முடிந்த பிறகும் பலருக்குத் தூக்கம் பழையபடி திரும்புவதில்லை. அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. சிகிச்சை முடித்துத் தூக்கமில்லாமல் தவித்த 410 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் 4 வாரம், வாரத்துக்கு இருமுறை மென்மையான யோகா செய்தவர்களின் தூக்கம் மேம்பட்டது, தூக்க மாத்திரையின் தேவையும் குறைந்தது.

அசதிதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. வேலை செய்து களைத்தால் படுத்து எழுந்ததும் சரியாகிவிடும். இந்த அசதி படுத்தால் தீராது, இன்னும் கூடும். சமையலறையில் காய்ச்சிய பாலை இறக்கி வைக்கும் வேலைக்கே உட்கார்ந்துவிடுவேன். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 200 பெண்கள் கலந்துகொண்ட ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. 12 வாரப் பயிற்சி முடிந்த கையோடு பார்த்தபோது அசதியில் பெரிய வேறுபாடு இல்லை. மேலும் 3 மாதம் கழித்துப் பார்த்தபோதுதான் யோகா செய்தவர்களுக்கு அசதி தெளிவாகக் குறைந்திருந்தது. ஒரு வாரம் செய்துவிட்டுப் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அதே 2014இல் இன்னோர் ஆய்வும் வந்தது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் பெங்களூருவின் விவேகானந்த யோகா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 163 பெண்களிடம் நடத்தியது. ஒரு குழுவினர் யோகா செய்தார்கள், ஒரு குழுவினர் வெறுமனே கைகால்களை நீட்டி மடக்கினார்கள், மூன்றாம் குழுவினர் எதுவும் செய்யவில்லை. அசதி முதல் இரண்டு குழுவினருக்குமே குறைந்தது. பகலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இறங்கும் வேகத்திலும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனிலும் யோகா குழுவினர் முன்னால் நின்றார்கள். நீட்டி மடக்கியவர்களுக்கும் அசதி குறைந்தது என்பதை யோகா அன்பர்கள் மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நீட்டி மடக்குவதே முடிந்தால் அதைச் செய்யட்டும், நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும்.

கரண்ட் வைக்கும் நாட்களில் எனக்கு வேறொரு பாடம் கிடைத்தது. மார்புக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த தோள் அவ்வளவு எளிதில் மேலே போகாது. எனக்கு முன்னால் போன ஒரு பெண், கையைத் தூக்க முடியாமல் மேசையிலேயே அழுததை வெளியிலிருந்து கேட்டேன். பயிற்சியில்லாமல் இறுகிப்போயிருந்த தோள் அது. நான் அதற்கு முன் ஆறு வாரமாகச் சுவரில் விரல்களை ஊர விட்டு, தினம் ஓர் அங்குலமாகக் கையை உயர்த்திப் பழகியிருந்தேன். சுவரில் பென்சிலால் போட்ட கோடுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னேன்.

இனி, கைதட்டியவர்களுக்கு. என்னோடு கீமோ எடுத்துக்கொண்ட அக்கா ஒருவர் இரண்டாவது முறைக்குப் பிறகு வரவில்லை. மருந்தில்லாமல் குணப்படுத்துவதாகச் சொன்ன ஒரு முகாமுக்குப் போயிருந்தார். எட்டு மாதம் கழித்து, கட்டி வெளியே புண்ணாக உடைந்த நிலையில் திரும்பி வந்தார். இப்போது அவர் இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. பரவாத நிலையில் இருந்தும், வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று முறைகளை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். மேடையில் இருந்தவர் இந்தக் கணக்கைப் படித்திருந்தால் அப்படிப் பேசியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. அந்த அக்காவுக்கு ரீங்காரத்தை மட்டும் யாராவது கற்றுத்தந்திருந்தால், குமட்டலுக்குப் பயந்து ஓடியிருக்க மாட்டாரோ என்று நான் பல இரவுகள் நினைத்திருக்கிறேன்.

யோகாவால் கெடுதலே வராது என்பதும் தவறு. நோய் எலும்புக்குப் பரவியவர்கள் முதுகை முறுக்கினாலோ ஆழமாக முன்னால் குனிந்தாலோ எலும்பு முறியலாம். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது விழுந்தாலே ஆபத்து, தலைகீழ் ஆசனங்களும் வேண்டாம். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குக் கபாலபாதி கூடாது. பாக்லிடாக்செல் எடுத்தவர்கள் பலருக்குப் பாதம் மரத்துப்போகும், அவர்கள் சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நிற்கக் கூடாது. கவுண்ட் (இரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை) இறங்கியிருக்கும் நாட்களில் கூட்டமான வகுப்புக்குப் போகவே கூடாது. இவற்றையெல்லாம் தெரிந்தவரிடம்தான் கற்க வேண்டும். காணொளிக்கு நம் இரத்தப் பரிசோதனை முடிவு தெரியாது.

தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பல இடங்களில் அதே வளாகத்திலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அங்கே பணியில் இருக்கிறார்கள். நான் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலும் இருந்தது. கீமோ வார்டிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி. ஓராண்டுக் காலத்தில் அங்கிருந்து யாரும் எங்கள் வார்டுக்கு வந்ததில்லை, எங்களை யாரும் அங்கே அனுப்பியதும் இல்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில்தான் அந்தப் பெயர்ப்பலகையையே பார்த்தேன்.

கீமோ நாள் காலையில் ஏழு மணிக்கு இரத்தம் எடுப்பார்கள். கவுண்ட் முடிவு வர இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதுவரை ஐம்பது அறுபது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்போம். இந்த முறை மருந்து ஏறுமா, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்ற பயத்தில் யாரும் பேச மாட்டார்கள். புதிய கட்டடம் வேண்டாம், பாய் வேண்டாம், உடை மாற்ற வேண்டாம். அந்தப் பெஞ்சிலேயே, அந்த நேரத்திலேயே இருபது நிமிடம் மூச்சுப் பயிற்சி சொல்லித்தர, இரண்டு கட்டடம் தாண்டி ஒருவர் நடந்து வர வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இதைக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். வரும் வியாழக்கிழமை எனக்கு ஆறு மாதப் பரிசோதனை. அன்றைக்கு மருத்துவமனை முதல்வரின் (டீன்) அலுவலகத்தில் ஒரு பிரதி, புற்றுநோய்த் துறையில் ஒன்று, அந்தப் பெயர்ப்பலகை இருக்கும் அறையில் ஒன்று என நேரில் கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊர் மருத்துவமனையிலும் இரண்டு துறைகளும் இப்படித் தனித்தனியாக இருந்தால் சொல்லுங்கள், கடிதத்தை அனுப்புகிறேன். மருத்துவமனையின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.