தூதரகப் பாதுகாப்பு, அதிகாரிகளுக்கான சலுகை அல்ல

தூதர்களையும் தூதரகங்களையும் காக்கும் சர்வதேச ஒப்பந்தங்கள் பற்றிய கட்டுரையில், "தூதர்களுக்கு மட்டும் எதற்கு இத்தனை தனிச்சட்டம்?" என்று கட்டுரையாளர் கேட்கிறார். எனக்கு உடன்பாடில்லை. நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வளைகுடாப் பணம்தான் சோறு போடுகிறது. போன வருஷம் பக்கத்து வீட்டு அண்ணன் அங்கே மாரடைப்பில் இறந்துபோனார். தூதரகம் பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று கொடுத்த பிறகுதான் உடல் விமானம் ஏறியது. ரத்து முத்திரை குத்திய அந்தப் பாஸ்போர்ட்டை அண்ணி இன்னும் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். அந்த அலுவலகம் குண்டுவெடித்து மூடிக் கிடந்தால் நாங்கள் யாரிடம் போய் நிற்பது?

தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா ஒப்பந்தத்தின் 22வது பிரிவு, தூதரகத்தைக் காக்கும் பொறுப்பை அந்தந்த நாட்டு அரசின் தலையிலேயே வைக்கிறது. 1979இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்ட விவகாரத்தில் ஈரான் அந்தக் கடமையில் தவறியது என்று சர்வதேச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பே சொன்னது. தூதர்கள் போன்றோர் மீதான குற்றங்களைத் தடுக்கும் 1973 ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தூதரைத் தாக்கியவன் உன் மண்ணில் சிக்கினால் ஒப்படை, இல்லையென்றால் நீயே வழக்கு நடத்து. நம் யுஏபிஏ எனும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் இந்த ஒப்பந்தம் இருக்கிறது.

உண்மையான குறை வேறு இடத்தில். 2008 ஜூலை 7 அன்று காபூலில் நம் தூதரக வாசலில் கார் குண்டு வெடித்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் அதிகாரி வெங்கடேஸ்வர ராவும் பிரிகேடியர் மேத்தாவும் அதில் உயிரிழந்தார்கள். ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்கன் மக்கள், விசாவுக்கு வரிசையில் நின்றவர்கள் உட்பட. 1973 ஒப்பந்தத்தின் வரையறைக்குள் அவர்கள் வரமாட்டார்கள். கட்டுரை கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.