எதுக்கும் இருக்கட்டும்னு அனுப்பினேன்

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு சென்னைக் குடும்பத்தைக் கூட்டம் கூடி அடித்தது. வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி செத்தே போனார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்தார்களாம். அதற்கு முன்பிருந்தே, வடக்கிலிருந்து கும்பல் இறங்கியிருக்கிறது, குழந்தைகள் பத்திரம் என்று வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

படிக்காத ஜனங்கள் செய்த வேலை என்று இதைத் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. படித்தவர்களும்தான் அந்தச் செய்தியை அனுப்பினார்கள். அனுப்பிய பெரும்பாலானோர் மனதில் வன்மம் இருந்திருக்காது. அக்கா பிள்ளை தனியாகப் பள்ளிக்கூடம் போகிறதே என்ற கவலை இருந்திருக்கும். உண்மையோ பொய்யோ, எதுக்கும் இருக்கட்டும். இந்த அக்கறைதான் வதந்திக்குக் கால் முளைக்க வைக்கிறது.

1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதிர்வு மட்டும் உணர்ந்து சேதம் ஏதும் ஆகாத பகுதிகளில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்று வதந்திகள் பரவின. வீடு இடியவில்லை, ஆனால் உடம்பு நடுங்குகிறது. அந்த நடுக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, வதந்தி அதைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பிள்ளை பெற்றவர்கள் எல்லோரிடமும் அந்த நடுக்கம் எப்போதும் உண்டு.

அத்திமூர் சம்பவம் நடந்த சமயத்தில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், தெருவில் விளையாடும் சிறுவனை பைக்கில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே பையனைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியவனை நான் மன்னிக்க மாட்டேன். அவனுக்குத் தெரியும்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஐந்து பேர் அல்லது குரூப்புகளுக்கு மேல் ஒரே தடவையில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி இந்தியாவில் வரம்பு வைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று குடும்ப குரூப். அங்கே போய், “இது எந்த ஊர்ல நடந்தது சித்தி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் சித்திக்கு முகம் சுருங்கிவிடும். “உங்க நல்லதுக்குத்தானே போட்டேன்” என்பார். அப்புறம் பேச்சு செய்தியை விட்டுவிட்டு மரியாதைக்குப் போய்விடும்.

அதனால் நான் தனியாக போன் போடுகிறேன். பேரன் ஸ்கூலுக்கு எப்படிப் போகிறான், யார் கூட்டி வருகிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். அவர்களுடைய பயம் அங்கேதான் இருக்கிறது. அதைப் பேசி முடித்த பிறகுதான் வீடியோ பக்கம் வருகிறேன். சிலர் அவர்களாகவே அழித்துவிடுகிறார்கள். சிலர் அழிப்பதில்லை, அவர்களுக்கு மறுபடியும் போன் போடுகிறேன்.